உழைச்செல்வாள்

செவிலியர் படிப்பின் முதல் வருடத்திலேயே ஒரு வேலை கொடுப்பார்கள். உன்னுடைய செவிலியத் தத்துவம் என்ன, இரண்டு பக்கம் எழுதி வா என்பார்கள். 1999ல் அதை எழுதும்போது எனக்குப் பதினெட்டு வயது. சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு மதுரைக்கு வந்து விடுதியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கவே கை பழகவில்லை, தத்துவத்துக்கு எங்கே போவது? சீனியர் அக்கா ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்கி, விடுதி வராந்தா விளக்கில் உட்கார்ந்து அப்படியே பார்த்து எழுதினேன். அன்பு, சேவை, தியாகம், கையில் விளக்கோடு நடந்த சீமாட்டி எல்லாம் அதில் இருந்தன. பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது.

இப்போது என் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அதே இரண்டு பக்கத்தை எழுதுகிறார்கள். போன மாதம் ஓர் இரவுப் பணியில், பத்து மணி மருந்தெல்லாம் கொடுத்து முடித்திருந்த நேரம், ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "சிஸ்டர், உங்க ஃபிலாசபி என்ன சிஸ்டர்? ஒரு நாலு வரி சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்." கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். இத்தனை வருடம் இதே வேலையில் இருக்கிறேன், நாலு வரி வரவில்லை. "அப்புறம் சொல்றேன்மா" என்று சொல்லி டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அந்த அப்புறம்தான் இது.

என் தத்துவம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால், அது நான் எழுதிய ஒரு பொய்யில் தொடங்கியது. படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் வேலை. ஒரு தனியார் மருத்துவமனை. இரவில் இருபத்தெட்டு நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். அன்றைக்கு மற்றவளும் வரவில்லை. ஆறாவது படுக்கையில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு தாத்தா. தானாகப் புரள முடியாதவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மல்லாக்க, வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாற்றிப் படுக்க வைத்து, அதற்கென்று கால்மாட்டில் தொங்கும் தாளில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கோடி அறையில் ஒருவருக்கு நெஞ்சுவலி. டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்து, ஈசிஜி எடுத்து, அவரை ஐசியுவுக்கு மாற்றி, அவர் மனைவியைப் பிடித்து உட்கார வைத்து எல்லாம் முடிய நாலேகால். விடிந்தால் மேற்பார்வையாளர் வந்து தாளைப் பார்ப்பார். பன்னிரண்டு மணி மல்லாக்க, இரண்டு மணி வலப்பக்கம், நாலு மணி இடப்பக்கம் என்று மூன்று வரியையும் ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மணிக்கு உடம்பு துடைக்க வந்த ஆயாம்மா கூப்பிட்டார். "சிஸ்டர், இங்கன வந்து பாருங்க." தாத்தாவைச் சாய்த்துப் பிடித்திருந்தார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்பு. நல்ல தோலை விரலால் அழுத்தினால் வெளுக்கும், விரலை எடுத்ததும் ரத்தம் திரும்பி வரும். நான் அழுத்தினேன். வெளுக்கவில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோலுக்கு அடியிலேயே சதை சாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். தாளில் அவர் ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தார். அவர் முதுகோ அசையவே இல்லை என்று சொன்னது.

ஒரு வாரத்தில் அந்த இடம் திறந்துகொண்டது. ஐந்து வாரம் மருந்து வைத்துக் கட்டினேன். என் முறை இல்லாத நாளிலும் போய்க் கட்டினேன். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு இடமில்லாமல் தாள் அவ்வளவு சுத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் அன்று அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்டீங்க" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து செய்யாத எதையும் நான் எழுதுவதில்லை. 'இரண்டு மணிக்குத் திருப்ப முடியவில்லை, பணியில் ஒருவரே இருந்தார்' என்று எழுதியிருக்கிறேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பொதுப் பிரிவில், கல்லூரி சேர்ந்த மருத்துவமனையென்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவு. இருபத்தெட்டுக்கு ஒருத்தி எங்கே, இது எங்கே. அந்த இடைவெளி ராத்திரியில் நிஜமாக இருக்கிறது, காலையில் தாளில் மறைந்துபோகிறது. மறைப்பது நாங்களேதான். பொய்யாக நிரப்பின ஒவ்வொரு கட்டமும் 'இங்கே ஆள் போதும்' என்று நாங்கள் நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுக்கிற சாட்சி.

விளக்கேந்திய நைட்டிங்கேலை எல்லோருக்கும் தெரியும். 1854ல் கிரிமியப் போரின்போது ராணுவ மருத்துவமனைக்குப் போனவர். எனக்கு அந்த விளக்கை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து செத்தவர்களின் கணக்கைப் போட்டதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். குண்டடிக் காயத்தில் இறந்தவர்களைவிட, அசுத்தத்தாலும் தொற்றாலும் வந்த நோயில் இறந்த சிப்பாய்கள் பல மடங்கு என்பதை, மாதவாரியாக வண்ணம் தீட்டிய வட்டப்படமாகப் போட்டு 1858ல் அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். எங்கள் தொழிலின் தாய் என்று கும்பிடுகிறோமே, அந்த அம்மாவின் கையில் விளக்கு எவ்வளவு நேரம் இருந்ததோ, பேனாவும் அவ்வளவு நேரம் இருந்தது. முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பாவுக்குக் கொடிக்கால் வேலை. சோழவந்தான் வெற்றிலை என்றால் மதுரைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியதில்லை. முதலில் அகத்தியை விதைத்து அது எழும்பி வந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். கொடி வளர வளர அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போகவேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கும், தளரக் கட்டினால் காற்றுக்குச் சரியும். அந்தக் கட்டுப் போடுவதில் அப்பாவுக்குப் பேர் உண்டு.

2011 ஐப்பசியில் ஒருநாள் காலையில் எழுந்தவருக்கு இடது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? நேரம் போய்விட்டது. பதினைந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் ஒரு மாதம் விடுப்புப் போட்டேன். பல் விளக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் நானே. "நர்சு மகளைப் பெத்தவன், குடுத்து வச்சவன்" என்று தெருவே பேசியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பிட்டதும் அப்பாவுக்கு வெற்றிலை வேண்டும். முதலில் கரண்டியில் தண்ணீர் கொடுத்து, இருமல் இல்லாமல் விழுங்குகிறாரா என்று பல நாள் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். பாக்கும் புகையிலையும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. ஐம்பது வருடப் பழக்கத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன், மீதிப் பாதியை நானே மடித்து அவர் வாயில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதே குறைந்துபோயிருந்தது. அதை நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நான் வெற்றிலையைக் கையில் எடுத்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடு இங்க." ஒரு வெற்றிலையை எடுத்து இடது தொடையில் போட்டார். அது நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்று. இந்த முறை, அசையாமல் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கி, வெற்றிலையின் மேல் கல்லு வைப்பதைப்போல வைத்தார். காம்பைக் கிள்ளினார். வலது கைப் பெருவிரல் நகத்தால் நடு நரம்பைப் பிடித்து இழுத்தார், இலை கிழிந்துபோனது. மறுபடி வேறு இலை. நான் கையை நீட்டினேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார். "சும்மா இருடி. அவரு கைய நீ வாங்கி வச்சுக்கிட்டா அது எப்படி அசையும்?"

சுண்ணாம்பைத் தொட்டு விரலால் இழுத்துத் தடவி, மடித்து வாயில் போட இருபது நிமிடம் ஆனது. மடிப்பு கோணல். சுண்ணாம்பு வேட்டியெல்லாம். மென்றுகொண்டே திண்ணைத் தூணில் சாய்ந்தார். பதினைந்து இருபது நாளுக்குப் பிறகு, அன்றைக்குத்தான் என்னிடம் கொடிக்காலுக்குத் தண்ணீர் விட்டார்களா என்று கேட்டார்.

எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது. ஏனென்றால் இது எனக்குப் பாடத்திலேயே இருந்தது. வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர், 1897ல் பிறந்து தொண்ணூற்றெட்டு வயதுவரை வாழ்ந்தவர், செவிலியம் என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். ஒருவருக்குத் தெம்பும் மனதும் விவரமும் இருந்தால் அவரே செய்துகொள்ளக்கூடிய காரியங்களை, அவை இல்லாத நேரத்தில் செய்ய உதவுவது. அதையும் அவர் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நம் உதவி இல்லாமல் செய்துகொள்ளும்படி செய்வது. பிழைக்க வழியில்லை என்றால் நிம்மதியாகச் சாக உதவுவது. மூச்சு விடுவதில் தொடங்கி சாமி கும்பிடுவது, வேலை செய்வது, விளையாடுவது, கற்றுக்கொள்வது வரை பதினான்கு தேவைகளை அவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். பரீட்சைக்குப் பதினான்கையும் ஒப்பித்தேன். முதல் பாதியை மட்டும் தொழிலாகச் செய்தேன். இரண்டாம் பாதியை ஒரு வெற்றிலைக் காம்புதான் எனக்கு விளக்கியது. பக்கவாதம் வந்த கையை உபயோகிக்காமலே விட்டால், அந்தக் கை இல்லாமல் வாழ மூளை பழகிக்கொள்கிறது. நான் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் அந்தப் பழக்கத்துக்குத் தீனி.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். கைத்தடியோடு கொடிக்காலுக்குப் போய், இடது கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கட்டுப் போடும் அளவுக்குத் தேறினார். பாக்கைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதில் நான் தோற்றுப்போனேன். எது அவருடைய உரிமை, எது என் பொறுப்பு என்ற கோட்டை இன்றைக்குப் போடச் சொன்னாலும் எனக்குக் கை நடுங்கும்.

எங்கள் மதுரையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. அந்தக் கைகளுக்குத் தகுந்தாற்போல் கருவிகளைச் செய்துகொண்டு, அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல், பதினொரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் படுத்திருந்த காலத்தில் 'உங்களால் முடியாது, நாங்களே எல்லாம் செய்துவிடுகிறோம்' என்று அன்போடு ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

மருத்துவமனைக்குள் ஒருவர் வந்தால் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். வேட்டியை வாங்கிக்கொண்டு பின்னால் முடிச்சுப் போடும் அங்கியைக் கொடுக்கிறோம். தூங்கும் நேரம், எழும் நேரம் எங்களுடையது. ஒரு கையைச் சலைன் ஊசிக்காக வாங்கிக்கொள்கிறோம். கடைசியில் பேரையும் வாங்கிக்கொண்டு பதினாலாம் பெட் என்கிறோம். இதில் பாதிக்கு மேல் அவசியம், தவிர்க்க முடியாது. ஆனால் வாங்கியது எது என்று எனக்குக் கணக்கு இருக்கவேண்டும், திருப்பிக் கொடுக்கவேண்டும். என் தத்துவம் என்று ஒன்று உண்டென்றால் இந்தக் கணக்குதான்.

பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பாடநூல்கள் நோயாளியைப் பேர் சொல்லி அழை என்கின்றன. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எழுபது வயதுக்காரரை நான் பேர் சொல்லி அழைத்தால், கூட வந்த பேரன் என்னை அடிக்க வருவான். நமக்கு முறைதான் பேர். அப்பத்தா, அம்மாச்சி, பெரியப்பா, அண்ணே. பெரும்பாலும் அதுவே போதும், முகம் மலர்ந்துவிடும். ஆனாலும் நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'தாத்தா' என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு வாய் குழறும், வலது பக்கம் வராது. நாலு நாள் கழித்து அவர் மனைவிதான் சொன்னார், ஊரில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று. "சார், காலை வணக்கம்" என்று நான் சொன்ன அன்று அவர் இடது கையை நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். இன்னொரு நாள், எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா, அப்பத்தா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "என் பேரச் சொல்லிக் கூப்புடு தாயி. எங்க அம்மா செத்த பெறகு அந்தப் பேரக் கூப்புட ஆளில்ல" என்றார். மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் உடனே "ஆங்" என்பார், வகுப்பில் ஆஜர் சொல்லும் பிள்ளையைப்போல.

அதைவிட எனக்கு உறுத்துவது நீ, நீங்க. வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாக வந்தால் "இப்படி உட்காருங்க சார்." அழுக்கு லுங்கியோடு வந்தால் "ஏய், இங்க படு." இரண்டு பேருக்கும் ஒரே சர்க்கரை, ஒரே கால் புண். நான் இதைச் செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். அவசரத்தில், களைப்பில், நாக்கு தானாகவே ஆளை எடை போட்டுவிடுகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் இதற்குப் பாடம் இருக்க வழியில்லை, அந்த மொழியில் நீயும் நீங்களும் ஒன்றுதான். தமிழில் செவிலியம் செய்பவர்களுக்கு நோயாளியின் மானம் ஒரு விகுதியில் நிற்கிறது. பதினெட்டு வயதைத் தாண்டிய யாராக இருந்தாலும் நீங்கதான் என்று என் வார்டில் வைத்திருக்கிறேன். போதையில் தலை உடைந்து வந்தவருக்கும் அதேதான்.

அடுத்தது வலி. வலியைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகக் கேட்டு எழுதவேண்டும் என்பது நடைமுறை. நல்ல நடைமுறைதான், மருந்து கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து மனிதர்களிடம் "பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள், பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து. அதே ஆளிடம் எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள், கொட்டுவார். சுருக்சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கடுக்கிறது, குடைகிறது, பிசைகிறது, எரிகிறது, மதமதவென்று இருக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தகவல். பிசைகிறது என்றால் குடலையோ பித்தப்பையையோ யோசிக்கலாம். சர்க்கரைக்காரர் உள்ளங்கால் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது என்றால் நரம்பு. விண்விண்ணென்றால் உள்ளே சீழ் கோத்திருக்கலாம். மூட்டு குடைகிறது என்பவருக்கும் தசை பிடித்திருக்கிறது என்பவருக்கும் ஒரே மாத்திரை போதாது. இவ்வளவையும் அவர் தன் வாயால் கொடுக்கிறார், நான் தாளில் '6' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் அது திருட்டு. இப்போது நான் எண்ணையும் எழுதுகிறேன், அவர் சொன்ன சொல்லையும் தமிழிலேயே பக்கத்தில் எழுதுகிறேன். குறைந்திருக்கிறதா என்று கேட்க ரூபாய்க் கணக்கு நன்றாக உதவுகிறது. "ரூவாய்க்கு அம்பது பைசா கொறஞ்சிருக்கு" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாதி குறைந்தது என்று எழுதிக்கொள்வேன்.

இதில் ஒரு சொல்லுக்கு மட்டும் பயப்படவேண்டும். "வாயு புடிச்சிருக்கு." நெஞ்சைக் கரிக்கிறது, பாரமாக இருக்கிறது, சோடா குடித்தேன், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று வருகிறவர்களில் மாரடைப்புக்காரர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வியர்வையும் களைப்புமாக வரக்கூடும். இப்படி வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிடவேண்டும். அங்கே நான் அவர் சொல்லை நம்புகிறேன், அவர் சொன்ன காரணத்தை நம்புவதில்லை.

சித்திரை மாதம் ஒன்றில், வயிற்றில் புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவர் என் வார்டில் இருந்தார். "அவருகிட்ட சொல்லிறாதீங்க சிஸ்டர், அல்சருன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டான். ராத்திரி ஊசி போடப் போனபோது அவர் கேட்டார். "எனக்கு என்னத்தா?" பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மகனிடம் கொடுத்த வாக்கையும் உடைக்க மனமில்லை. "உங்களுக்கு என்னன்னு தோணுது பெரியப்பா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "எங்க அப்பனுக்கும் இதேதான். பயலுக்குத் தெரியாது, நீ சொல்லிறாத. இந்த வருசம் அழகர் ஆத்துல எறங்குறதப் பாத்துட்டாப் போதும்." தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார், கதவைச் சாத்திவிட்டு. வலிக்கு வாய்வழி மார்ஃபின் எழுதிக்கொடுத்தார். அதை எப்படிக் கொடுப்பது, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது என்று மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். பெரியவர் வீட்டுக்குப் போனார். அழகரைப் பார்த்தாரா என்று எனக்குத் தகவல் வரவில்லை.

'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளை எழுதி வைக்காத மருத்துவமனை தமிழ்நாட்டில் குறைவு. அது டாக்டருக்கான குறள். அதே மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள், 950, யார் கண்ணிலும் படுவதில்லை.

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். மருத்துவம் இந்த நாலும் சேர்ந்தது. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். அது நாங்கள். பரிமேலழகர் இந்த நாலாமவருக்கு நாலு குணம் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடம்பும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு. மூன்றாவதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே என்றுதானே எங்களை இன்றும் வைத்திருக்கிறார்கள். பிறகு நாலாவதைப் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு ஊசியைச் சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றவேண்டும், நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஒருமுறை ஓர் இளம் டாக்டர் அவசரத்தில் நேராகப் போடச் சொன்னார். நான் போடவில்லை. "சார், இதை நான் டிரிப்பில் மெதுவா விடுறேன், ஆர்டரை மாத்தி எழுதிக்கொடுங்க" என்றேன். ஒரு நொடி முறைத்தார், பிறகு முகம் வெளிறிப்போய் மாற்றி எழுதினார். மூன்றாவது குணத்தை நாலாவது காவல் காக்கிறது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன்.

இவ்வளவையும் மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்குக்கூடக் காணாத ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்குத் தயக்கமும் உண்டு. தனியார் மருத்துவமனைகளில், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடமானாலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று, 2016ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. அதில் பாதிகூட வாங்காதவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். தியாகம் என்ற சொல்லை என் பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைக் காட்டித்தான் சம்பளத்தைக் குறைக்கிறார்கள்.

நாலு வரி கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. மறுநாள் இரவு இரண்டு மணிக்கு அவளை ஏழாம் படுக்கைக்குக் கூட்டிப்போனேன். அங்கே நம் ஆசிரியர். அவள் போர்வையை விலக்கி, சட்டென்று தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். அவர் உடம்பு விறைத்துக்கொண்டது. "முதல்ல சொல்லு" என்றேன். கையை எடுத்துவிட்டுக் குனிந்து, "சார், உங்களை இந்தப் பக்கம் திருப்பப் போறோம் சார். நீங்க இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள். அவர் கேட்டதுபோலத் தெரியவில்லை. காத்திருந்தோம். நல்ல நேரம் ஆனது, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையசைத்தேன், இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அந்த இடது கை எழும்பிப் போய்ப் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தது. பாதி பாரம் அவருடையது, மீதி எங்களுடையது. முதுகின் அடியில் விளக்கடித்துப் பார்த்தோம். சிவப்பு இல்லை. அவள் தாளில் நேரத்தைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

காலை ஏழரைக்குப் பகல் பணிக்கு வந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஏழாம் படுக்கையை அவளையே சொல்லச் சொன்னேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் அளவு, தோல் நன்றாக இருக்கிறது, காலை எட்டு மணி மாத்திரை பாக்கி என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தவள், முடிக்கிற இடத்தில் நின்றாள்.

"அப்புறம் சிஸ்டர், சாரோட சீப்பு தலையணைக்கு அடியில இருக்கு. நீங்க சீவி விட்டுறாதீங்க. இடது கையில குடுத்தாப் போதும், அவரே சீவிக்குவாரு. கொஞ்சம் நேரமாகும்."